எட்டு மணி மாத்திரை

கல்யாணமாகி மூன்றாவது மாதம் எனக்குப் பத்து நாள் தள்ளிப்போனது. வேறு பெண்ணாக இருந்தால் மருந்துக்கடைக்குப் போய் ஒரு பரிசோதனை அட்டை வாங்கி வந்திருப்பாள். நான் வாங்கவில்லை. அன்று ராத்திரி எட்டு மணிக்குப் போட வேண்டிய மாத்திரையை அட்டையோடு பீரோவில் சேலை மடிப்புக்குள்ளே திருப்பி வைத்துவிட்டேன். வயிற்றில் குழந்தை இருந்தால் இந்த மாத்திரை ஆகாது என்று எப்போதோ எங்கேயோ படித்தது மட்டும் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாளும் போடவில்லை. அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டி கையை விட்டுப் பறந்து சுவரில் மோதியது. குனிந்து எடுத்தது நினைவிருக்கிறது. அப்புறம் நினைவிருப்பது அடுக்களைத் தரையின் குளிர்ச்சியும், என் உள்ளங்கையில் யாரோ திணித்து வைத்திருந்த சாவிக்கொத்தும்தான். தோசைக்கல் பட்டு மணிக்கட்டில் ஒரு தீப்புண். நாக்கில் கடி. எதிரே என் மாமியார் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார். எனக்கு வலிப்பு உண்டு என்று அவருக்கு அதுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள். கர்ப்பமே இல்லை.

இப்போது என் மகளுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. அவள் பிறந்த கதையை எப்போது எழுத நினைத்தாலும் எனக்கு அந்த மூன்று நாளில்தான் தொடங்கத் தோன்றுகிறது. என் அவசரம், என் பயம், என் வீட்டார் செய்த மறைப்பு எல்லாம் அந்த மூன்று நாளுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பின்னால் போகிறேன். எங்கள் ஊர் நாகர்கோவில் பக்கம். எனக்குப் பதினைந்து வயதில் இது ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறும். பால் டம்ளர் எகிறும், சீப்பு பறக்கும். "பொம்பளப் பிள்ளைக்கு இப்படி என்ன கவனக்குறைவு மக்களே" என்று அம்மா திட்டுவாள். நானும் கவனக்குறைவு என்றே நம்பினேன். அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு மணி வரை விழித்துப் படித்துவிட்டுப் போன ஒரு காலையில், பள்ளிக்கூடப் பிரார்த்தனை வரிசையிலேயே விழுந்தேன். மூளை அலைப் பதிவு எடுத்துப் பார்த்து, இளம்பருவத்தில் வரும் ஒருவகை வலிப்பு என்றார்கள். ஆங்கிலத்தில் சுருக்கமாக ஜே.எம்.இ. காலை நேர உதறல், தூக்கம் கெட்டால் வரும் பெரிய வலிப்பு, இரண்டும் இதன் அடையாளம். மாத்திரைக்கு நன்றாக அடங்கும், ஆனால் பெரும்பாலும் ஆயுசுக்கும் மாத்திரை வேண்டும்.

எழுதிக் கொடுத்தது சோடியம் வால்ப்ரோயேட். இந்த வகை வலிப்புக்கு அதைப்போல வேலை செய்யும் மருந்து குறைவு. விலையும் குறைவு. பத்து வருடம் எனக்கு ஒரு உதறல்கூட இல்லை. படித்தேன், வேலைக்குப் போனேன். அந்தப் பத்து வருடத்தில் எத்தனை முறை சீட்டைப் புதுப்பித்திருப்பேன்! ஒரு முறைகூட யாரும், "நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும்போது இந்த மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கும்" என்று சொல்லவில்லை. கல்யாணம் நிச்சயமான சமயத்தில் நானே ஒரு பிரசவ டாக்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் பாப்பா உண்டான பிறகு பார்த்துக்கலாம்மா" என்றார். நல்ல மனுஷி, அன்பாகத்தான் சொன்னார். ஆனால் வலிப்புள்ள பெண்ணுக்குச் சொல்லக்கூடாத ஒரே வாக்கியம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

வீட்டிலும் சொல்லவிடவில்லை. அக்கம்பக்கத்துக்கு அது விட்டமின் மாத்திரை. பெண் பார்க்க வந்தபோது, "பத்து வருஷமா வரல்லியே, எதுக்குச் சொல்லணும்" என்பது அம்மாவின் வாதம். நான் மாப்பிள்ளையிடம் மட்டும் ஃபோனில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மாத்திரை போட்டா வராதுல்லா? அப்ப போட்டுட்டு இரு" என்றார். அவ்வளவுதான். ஆனால் அவரும் தன் அம்மாவிடம் சொல்லத் தயங்கினார். நிச்சயதார்த்தம் முடியட்டும், கல்யாணம் முடியட்டும், மறுவீடு முடியட்டும் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் சொன்னது தோசைக்கல்தான்.

இந்த இடத்தில் ஒரு சட்டச் சங்கதி. 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தில், அடிக்கடி வலிப்பு வருகிறவர்கள் திருமணத்துக்குத் தகுதியற்றவர்கள் என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருந்தது. 1999இல்தான் திருத்தம் கொண்டுவந்து அதை எடுத்தார்கள். நான் அப்போது பிறந்து சில வருடமாகிவிட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், ஊர்ப் பேச்சிலிருந்து எடுக்கவில்லை. எங்கள் அம்மாவின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த விபத்துக்குப் பிறகு ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். கணவர், நான், கேட்காமலே கிளம்பி வந்த மாமியார். டாக்டர் முதலில் கேட்டது, "யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?" எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன்.

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், அடங்கிக் கிடந்தது அத்தனையும் சேர்ந்து வரும். விடாமல் தொடர்ந்து வலிப்பு வந்து உயிரே போகலாம். கர்ப்பமாக இருந்திருந்தால் குழந்தைக்கும் அதே ஆபத்து. சந்தேகம் வந்த அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், அதுவரை மாத்திரையைத் தொடர வேண்டும். தள்ளிப்போனதற்கு அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார். வால்ப்ரோயேட் சில பெண்களுக்கு எடையைக் கூட்டும், மாதவிலக்கைத் தாறுமாறாக்கும், சினைப்பை நீர்க்கட்டியோடும் அதற்குத் தொடர்பு உண்டு. நான் எதைப் பார்த்துப் பயந்து நிறுத்தினேனோ அதையே அந்த மாத்திரைதான் உண்டாக்கியிருக்கிறது போல.

அப்புறம்தான் அந்தக் கணக்கு. பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறைபாடு இருக்கும், அம்மா எந்த மருந்தும் சாப்பிடாவிட்டாலும்கூட. அம்மா வால்ப்ரோயேட் சாப்பிட்டால் அது பத்துப் பேர் அளவுக்குப் போகிறது. முதுகுத்தண்டு மூடாமை, இதயக் கோளாறு, உதட்டுப் பிளவு போன்றவை. அதுபோக, பேச்சு, படிப்பு, புத்தி வளர்ச்சியில் சிக்கல் வருவது நூற்றில் முப்பது முதல் நாற்பது பேர் வரை. அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும். இங்கிலாந்தில் 2018 முதல், உறுதியான கருத்தடை ஏற்பாடு இல்லாமல் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இதைக் கொடுக்கக்கூடாது என்றே கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டார்கள். லாமோட்ரிஜின், லெவிடிரசெட்டம் என்ற வேறு இரண்டு வலிப்பு மருந்திலும் பிறவிக் குறைபாட்டுக் கணக்கு ஏறக்குறைய மற்ற தாய்மார்களைப் போலவே.

"அப்ப முழுகாம ஆன உடனே மாத்திட்டா போதாதா?" என்று கேட்டது மாமியார்.

டாக்டர் மேசைமேல் இருந்த காலண்டரைத் திருப்பி வைத்தார். கருத்தரித்த நான்கு வாரத்துக்குள் குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் மூடிவிடுகிறது. பெண்ணுக்கு நாள் தள்ளி, இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று பார்த்து, பரிசோதனை செய்து, டாக்டரிடம் வரும்போது ஆறு வாரம், எட்டு வாரம் ஆகியிருக்கும். மூட வேண்டியது மூடியிருக்கும், அல்லது மூடாமல் போயிருக்கும். "நீங்க வர்றப்ப கதவு பூட்டியாச்சும்மா" என்றார். மாமியார் அந்தக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துத் திருவனந்தபுரத்தைப் பற்றியும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1998 முதல் வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு பதிவேடு நடத்துகிறார்கள். கருத்தரிக்கும் முன்பிருந்தோ, கர்ப்பத்தின் ஆரம்பத்திலிருந்தோ பதிந்துகொண்டு, பிறந்த குழந்தைகளின் வளர்ச்சியையும் பின்தொடர்ந்து பார்க்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தூரம். என்னைப்போன்ற எத்தனையோ பெண்கள் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், அதை ஒருவர் உட்கார்ந்து எழுதியும் வைத்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமியார் வெகுநேரம் பேசவில்லை. வடசேரி நெருங்கும்போது சொன்னார்: "எங்க சித்தி மகளுக்கு இது உண்டு. ஒருத்தர்ட்டயும் சொல்லாம வச்சிருந்தாவ. கொளத்துல குளிக்கப் போனவ தண்ணிக்குள்ளயே கெடந்தா. முட்டளவு தண்ணிதான்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "இனி நீ குளிமுறிக் கதவைத் தாப்பாள் போடக்கூடாது" என்றார். இன்றுவரை நான் போட்டதில்லை. அவர் சொன்னது மருத்துவப்படியும் சரிதான். வலிப்பில் மூழ்கிப் போவது உண்மையான ஆபத்து. வாளித் தண்ணீரை மொண்டு, உட்கார்ந்து குளிப்பது, வெளியே ஒருவர் காதுகேட்கும் தூரத்தில் இருப்பது, இது போதும்.

மாத்திரை மாற்றுவது சட்டென்று நடக்கிற வேலை இல்லை. புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அது பிடித்துக்கொண்ட பிறகு பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். எனக்கு லெவிடிரசெட்டம். காலை உதறல் உள்ளவர்களுக்கு லாமோட்ரிஜின் சில சமயம் உதறலைக் கூட்டிவிடும் என்பதால் இது. (லாமோட்ரிஜினை வால்ப்ரோயேட்டோடு சேர்த்துத் தொடங்கும்போது இன்னும் மெதுவாக ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் உடம்பெல்லாம் கடுமையான தடிப்பு வரும். தோலில் ஏதாவது தெரிந்தால் உடனே ஓட வேண்டும்.) எனக்கு வால்ப்ரோயேட்டை முழுதாக விட நாலு மாதம் பிடித்தது.

அந்த நாலு மாதம் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. லெவிடிரசெட்டம் சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும். எனக்குக் கிளப்பியது. உப்புக் குறைந்தது என்று சொன்னதற்கு அவர் தட்டை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது இப்போது. அப்போது நான் பைத்தியமாகிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். டாக்டரிடம் சொன்னபோதுதான் அது மருந்தின் குணம் என்று தெரிந்தது. அளவை ஏற்றும் வேகத்தைக் குறைத்தார், சில வாரத்தில் தணிந்தது. எல்லோருக்கும் தணியும் என்று சொல்ல முடியாது. மனசு சரியில்லை என்று தோன்றினால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், அதற்கு வேறு வழிகள் வைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகும் உடனே பச்சைக்கொடி இல்லை. கருத்தரிப்பதற்கு முந்தைய 9 மாதம் வலிப்பே வராமல் இருந்தால், கர்ப்ப காலமும் அப்படியே கழிய 84 முதல் 92 சதவீதம் வாய்ப்பு உண்டாம். ஆகவே ஒன்பது மாதம் காத்திருங்கள் என்றார். பிள்ளை சுமக்கிற மாதம் ஒன்பது, அதற்கு முன்னால் சும்மா இருக்கிற மாதமும் ஒன்பது.

மாத்திரை மாற்றும் நாலு மாதம், இந்த ஒன்பது மாதம், ஆகப் பதிமூன்று மாதம். நம் ஊரில் புதுப்பெண் பதிமூன்று மாதம் சும்மா இருக்க முடியுமா? "விசேஷம் உண்டா?" என்று கேட்காத வாய் இல்லை. கோயிலில் கேட்டார்கள், கல்யாண வீட்டில் கேட்டார்கள், மீன் விற்க வருகிற அக்கா கேட்டார். என்னால் பதில் சொல்ல முடிந்ததே இல்லை. சொன்னது மாமியார். "டாக்டர் ஒரு வருஷம் சத்து ஏத்தச் சொல்லியிருக்காரு. அடுத்த வருஷம் வாங்க, சொல்லுதேன்." அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அவர் தெரியாமல் இருந்திருந்தால் கேட்கிறவர்களில் முதல் ஆளாக அவர்தான் இருந்திருப்பார். வீட்டில் ஒருவராவது நம் பக்கம் நின்று பதில் சொன்னால்தான் இந்தக் காத்திருப்பைக் கடக்க முடியும். இதை எந்த மருந்துச் சீட்டிலும் எழுதமாட்டார்கள்.

காத்திருக்கும் காலத்துக் கருத்தடையைப் பற்றி நம் ஆட்கள் பேசவே மாட்டார்கள், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. கார்பமாசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிடோன் போன்ற வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. மருந்து அதைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடும். லாமோட்ரிஜினில் தலைகீழ்: கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜினின் அளவைக் குறைத்து வலிப்பை வரவழைத்துவிடும். காத்திருப்பு அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், ஒருநாள்கூடத் தவறாமல் கருத்தடை மாத்திரை போட்டும் கர்ப்பமாகி வந்திருந்தாள். அவளிடம் எந்த மருந்து என்று யாரும் கேட்கவில்லை. காப்பர் டி எந்த வலிப்பு மாத்திரையோடும் மோதாது. நாங்கள் ஆணுறையோடு சமாளித்தோம்.

காத்திருப்பின் கடைசி மூன்று மாதம் ஃபோலிக் அமிலம். எனக்கு 5 மில்லிகிராம். எவ்வளவு என்பதில் டாக்டர்களுக்குள் வேறுபாடு உண்டு, உங்கள் அளவை உங்கள் டாக்டர் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் இருக்கிறது, 500 மைக்ரோகிராம். அதாவது என் மாத்திரையில் பத்தில் ஒரு பங்கு. "ரெண்டும் ஒண்ணுதான்" என்று ஒரு மருந்துக்கடைப் பையன் சொல்லி, நானும் ஒரு வாரம் நம்பியிருந்தேன்.

அந்தச் சமயத்தில் டாக்டர் இன்னொன்றும் செய்தார். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று ஒரு அளவு எடுத்து வைத்துக்கொண்டார். நன்றாக இருக்கும்போது எதற்கு என்று நினைத்தேன். நன்றாக இருக்கும்போது எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தானே, குறையும்போது எவ்வளவு குறைந்தது என்று தெரியும்.

குறைந்தது. கர்ப்பமான மூன்றாம் மாதம் எடுத்த அளவு, முன்பிருந்ததில் பாதியை ஒட்டி இறங்கியிருந்தது. கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் கூடுதலாக வேலை செய்து லெவிடிரசெட்டத்தைக் கழுவி வெளியேற்றுகிறது. லாமோட்ரிஜின் சாப்பிடுகிறவர்களுக்குக் கல்லீரல் வழியாக இதைவிட வேகமாகக் குறையலாம். டாக்டர் அளவை ஏற்றினார். வயிற்றில் பிள்ளையோடு மாத்திரையைக் கூட்டுவதா என்று எங்கள் அம்மா பதறிப் போனாள். ரத்தத்தில் அதே பழைய அளவைக் காப்பாற்றத்தான் வாயில் கூட்டிப் போடுகிறோம் என்பதை அவளுக்குப் புரியவைக்கக் குடத்தில் ஓட்டை உதாரணம் வரை போக வேண்டியிருந்தது.

மசக்கை கடுமையாக இருந்தது. மாத்திரை போட்டதும் வாந்தி. அரை மணிக்குள் வாந்தி எடுத்து மாத்திரை வெளியே தெரிந்தால் மறுபடி போடு, இல்லாவிட்டால் அடுத்த வேளை வழக்கம்போல் போடு, ஒரு நாள் முழுக்க எதுவும் தங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வா. எனக்குச் சொன்ன கணக்கு இது. வாந்தி அடங்க ஒரு மாத்திரை கொடுத்து, அது போட்டு முக்கால் மணி கழித்து வலிப்பு மாத்திரை என்று நேரம் வகுத்துக்கொண்டோம். வறுத்த அப்பளம் ஒன்றுதான் வாயில் நின்றது.

கிராம செவிலியர் வந்து பதிந்தபோது தாய் சேய் அட்டையில் சிவப்பு மையில் வட்டம் போட்டு ‘ஹை ரிஸ்க்’ என்று எழுதினார். பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது எனக்கு. "இது நல்லதுக்கும்மா, எங்க போனாலும் உன்னை முதல்ல பார்ப்பாங்க" என்றார் அவர். உண்மைதான். ஸ்கேன் எடுப்பவரிடம் நான் வாயைத் திறக்கும் முன்பே அட்டை பேசியது. பதினோராவது வாரத்துக்கு மேல் ஒன்று, பத்தொன்பதாவது வாரத்தில் குறைபாடு பார்க்கும் பெரிய ஸ்கேன், பிறகு குழந்தையின் இதயத்துக்குத் தனியாக ஒன்று. பெரிய ஸ்கேனில் அந்த டாக்டர் முதுகெலும்பைக் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒவ்வொன்றாக, ஜெபமாலை உருட்டுவதுபோலப் பார்த்துக்கொண்டே போனார். நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை. "மூடியிருக்கு" என்றார். கணவர் வெளியே வந்து இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதார்.

வளைகாப்பில் ஒரு சண்டை. முந்தின ராத்திரி வீடு நிறைய ஆட்கள், பேச்சு, பலகாரம் சுடுவது. பத்து மணிக்கு நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவருடைய அத்தை ஒருவருக்கு ரொம்ப வருத்தம். புதுப்பெண்ணுக்கு இவ்வளவு திமிரா என்று. என் வகை வலிப்புக்குத் தூக்கமும் மாத்திரை மாதிரிதான். ஒரு வேளை தவறினாலே வலிப்பு வரலாம். வருத்தப்படுகிறவர்கள் வருத்தப்படட்டும் என்று தூங்கிவிட்டேன். இன்றும் அந்த அத்தை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

மாமியாருக்கும் கணவருக்கும் டாக்டர் முதலுதவியை நடித்தே காட்டினார். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், கர்ப்பிணியானால் இடது பக்கமாக. வாயில் எதையும் திணிக்கக்கூடாது. கையைக் காலை அமுக்கிப் பிடிக்கக்கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே ஒன்று எழுதிக் கொடுத்தார், அது சாமி அலமாரியில் திருநீற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. "சாவிக்கொத்து?" என்று மாமியார் தயங்கிக் கேட்டார். "அது வீட்டைப் பூட்டத்தான் அம்மா" என்றார் டாக்டர்.

பிரசவத்துக்கென்று ஒரு பிளாஸ்டிக் ஃபைல் தயாராக இருந்தது. மேலே நரம்பு டாக்டரின் ஒரு பக்கக் கடிதம். அதன் அருமை வலி எடுத்த ராத்திரிதான் தெரிந்தது. "வாயில தண்ணிகூடப் படக்கூடாது" என்றார் பணியிலிருந்த நர்ஸ். எட்டு மணி மாத்திரை? அதுவும் கூடாதாம். கணவர் கடிதத்தை நீட்டினார்: மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரோடு நேரத்துக்குக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் அதே மருந்தை ஊசியாக ஏற்ற வேண்டும். பணி டாக்டர் படித்துப் பார்த்து, கொடுக்கச் சொன்னார். வலிநிவாரணிக்குப் பெத்திடின் வேண்டாம், முதுகில் போடும் ஊசி போடலாம் என்றும் அதில் இருந்தது. பிரசவ நேரத்தில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்தால் ரத்தக்கொதிப்பால் வரும் ஜன்னி என்றுதான் முதலில் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும். அதற்கு வைத்தியம் வேறு, மெக்னீசியம் சல்பேட். பழைய வலிப்பு உண்டு என்பது தெரிந்தால் இரண்டையும் யோசித்துப் பார்ப்பார்கள்.

சுகப்பிரசவம். வலிப்பு இருக்கிறது என்பதற்காக மட்டும் வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை. பெண், 2.8 கிலோ. பிறந்ததும் எல்லாக் குழந்தைக்கும் போடும் வைட்டமின் கே ஊசி.

எனக்குக் கடினமாக இருந்தது அதற்குப் பிறகுதான். தாய்ப்பாலில் மருந்து போகும், புட்டிப்பால் கொடு என்று ஊரே சொன்னது. டாக்டர் கொடுக்கச் சொன்னார். கொஞ்சம் போகும், ஆனால் வயிற்றில் இருந்தபோது போனதைவிட அதிகமில்லை. குழந்தை பால் குடிக்காமல் சதா தூங்கினால் மட்டும் காட்டச் சொன்னார். ஏற்றிய மாத்திரை அளவை மூன்று வாரத்துக்குள் படிப்படியாகப் பழைய இடத்துக்கு இறக்கினோம். சிறுநீரகம் பழையபடி ஆகிவிடுவதால், அப்படியே விட்டால் மருந்து உடம்பில் மிஞ்சித் தலைசுற்றும். லாமோட்ரிஜின்காரர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

தூக்கத்துக்கு என்ன செய்வது? முதல் வாரம் நான் வீராப்பாக எழுந்தேன். பத்தாம் நாள் காலை, சுடுதண்ணீர் டம்ளர் கையை விட்டு எகிறியது. பதினைந்து வயதில் வந்த அதே வெடுக். குழந்தை கையில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். இந்த முறை மறைக்கவில்லை, "அத்தை, கை உதறிச்சு" என்று மாமியாரைக் கூப்பிட்டேன். அன்று ராத்திரியிலிருந்து பதினோரு மணி முதல் நாலு மணி வரை குழந்தை அவரிடம். பீய்ச்சி வைத்த பாலைப் பாலாடையில் கொடுப்பார். பத்திய உணவு, காயம், லேகியம் என்று ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது சடங்கு உண்டு. எனக்கு உதவியது இந்த ஐந்து மணி நேரத் தூக்கம்தான்.

வீட்டு ஏற்பாடு எல்லாம் தரையோடு தரையாக மாறியது. கட்டிலில் படுத்துப் பால் கொடுக்கவில்லை, பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கொடுத்தேன். துணி மாற்றுவது தரையில். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறவில்லை. குளிப்பாட்டுவது நம் பழைய முறையே நல்லதாக இருந்தது, மனையில் உட்கார்ந்து காலை நீட்டிக் குழந்தையைக் காலில் போட்டு. ஆனால் அதை நான் தனியாக ஒருநாளும் செய்யவில்லை. சளிக்கு யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் இரண்டையும் டாக்டர் வீட்டைவிட்டே ஒதுக்கச் சொன்னார். அவை வலிப்பைத் தூண்டக்கூடியவை.

மகளுக்கும் இது வருமா? நானும் கேட்டேன். பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதில்லை, நூற்றில் பத்துப் பேருக்கும் குறைவு என்றார். பதினைந்து வயதில் அவள் கையிலிருந்து டம்ளர் எகிறினால் நான் திட்ட மாட்டேன், அது மட்டும் உறுதி.

இதை எல்லாம் படித்துவிட்டு, இப்போதே வால்ப்ரோயேட் சாப்பிட்டுக்கொண்டு கர்ப்பமாகவும் இருக்கும் யாராவது பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நான் செய்த தவறு அதுதான். இன்றே டாக்டரிடம் போங்கள். வேறு எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்பு சிலருக்கு உண்டு. அவர்கள் அதையே மிகக் குறைந்த அளவில், தெரிந்தே, கண்காணிப்போடு தொடர்கிறார்கள். அது அவர்களும் டாக்டரும் உட்கார்ந்து எடுக்கும் முடிவு, என்னைப்போன்ற ஒருத்தி எழுதியதைப் படித்து எடுப்பது இல்லை.

போன வாரம் எங்கள் பெரியம்மா மகள் வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அடுக்களைக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "இவளுக்கும் அதே மாத்திரைதான் குடுக்காங்க" என்றாள். அவள் மகளுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருடம். "மாத்தணும்னா இப்பவே கேளுங்கக்கா" என்றேன். "கல்யாணம் ஆகட்டும் பிள்ளே, அதுக்குள்ள எதுக்கு" என்றாள். நான் அவளிடம் மேற்கொண்டு வாதாடவில்லை. கூடத்தில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் நேரே போய் உட்கார்ந்தேன். மாத்திரையை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். பவுடர் டப்பாவுக்குள் என்றாள்.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு டோக்கன் போட்டிருக்கிறேன். பழைய சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். மாமியாரும் வருவதாகச் சொன்னார்.